8 ரூபாய்க்கு மத்தியான சாப்பாடு: எங்க ஏரியா அம்மா உணவகம்

எல்லாரும் பிரியாணி கடைக்கே ரிவ்யூ போட்டுட்டு இருக்கீங்க, நான் அம்மா உணவகத்துக்கு போடுறேன். வியாசர்பாடி பக்கம் ஒரு கிளை, எதுன்னு கரெக்டா சொல்ல மாட்டேன், அங்க வேலை பாக்குற அக்காங்களுக்கு எதுக்கு வீண் தலைவலி.

ரேட்டு தெரியாதவங்களுக்காக: இட்லி 1 ரூபா, பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, ராத்திரி சப்பாத்தி ரெண்டு சேத்து 3 ரூபா. 2013ல ஆரம்பிச்சப்போ இட்லி என்ன விலையோ இன்னிக்கும் அதே விலைதான். காலைல 5 இட்லி, மத்தியானம் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் சாப்ட்டா மொத்தம் 13 ரூபா, எங்க தெருமுனைல ஒரு டீ குடிச்சா அந்த காசு ஆயிடும்.

டேஸ்ட்டு எப்படின்னா, இட்லி நல்லாவே இருக்கும், சாம்பார்தான் கொஞ்சம் தண்ணி. பொங்கல்ல மிளகு இருக்கும், முந்திரி தேடாதீங்க. சாம்பார் சாதம் 12 மணிக்கு போனா ஆவி பறக்க சூப்பர், 2 மணிக்கு மேல போனா இறுகிப்போய் கரண்டிய விட்டு இறங்காது. எனக்கு பிடிச்சது தயிர் சாதம், வெயில்ல அலைஞ்சுட்டு வந்து அத சாப்ட்டா அப்படியே தூக்கம் வரும்.

டோக்கன் வாங்கணும், எவர்சில்வர் தட்டுல வாங்கிட்டு போய் உயரமான டேபிள்ல வச்சு நின்னுகிட்டே சாப்பிடணும். பக்கத்துல மூட்டை தூக்குற அண்ணன், அந்தப்பக்கம் குப்பை வண்டி அக்கா, எதிர்ல பீகார்ல இருந்து வந்த சென்ட்ரிங் வேலை தம்பி, டை கட்டின மெடிக்கல் ரெப் கூட ஒருத்தர் வருவாரு. யாரும் யாரையும் நீ யாருன்னு கேக்குறதில்ல, கார்டு காட்டுன்னும் சொல்றதில்ல. எங்க தெருல பாதி வீடு ஒத்த ரூம்தான், அம்மா விடியறதுக்குள்ள அபார்ட்மெண்ட் வேலைக்கு கிளம்பிடுவாங்க, புள்ளைங்க முன்னாடி டீயும் பன்னும் தின்னுட்டு ஸ்கூலுக்கு ஓடும், இப்ப இட்லி சாப்ட்டுட்டு ஓடுது. "இன்னும் ஒரு கரண்டி ஊத்தவா கண்ணு"ன்னு அக்கா கேக்குற வரைக்கும் தட்ட நீட்டிட்டே நிக்கும் சிலது. மழை வந்தா கணேசபுரம் சப்வேல தண்ணி நிக்குற ஏரியா இது, இங்க வந்த நல்லதுல வருஷக்கணக்கா நின்னது இது ஒண்ணுதான்னு நான் சொல்வேன். 2015 வெள்ளத்துல ஃப்ரீயா போட்டாங்க, 2020 லாக்டவுன்லயும் போட்டாங்க. 2021ல ஆட்சி மாறினப்போ முகப்பேர்ல திமுககாரங்க ரெண்டு பேர் போய் போர்ட கிழிச்சாங்க, அந்த கட்சியே அவங்கள நீக்கிட்டு போர்ட திரும்ப மாட்டுச்சு, இத மொத்தமா இழுத்து மூடுற தைரியம் யாருக்கும் வராது.

குறைன்னா ரெண்டு இருக்கு. பார்சல் கிடையாது, வாங்கி வெளில வித்துடுவாங்கன்னு ரூல் போட்டிருக்காங்க, புரியுது, ஆனா படுத்த படுக்கையா இருக்கற பாட்டி எப்படி வந்து க்யூல நிக்கும்? அதுக்கு ஏதாவது வழி பண்ணலாம்.

ரெண்டாவதுதான் எனக்கு நெஜமாவே கடுப்பு. இந்த கிச்சன நடத்துறது எல்லாம் நம்ம சுய உதவிக்குழு பெண்கள்தான், மாவு அரைக்கிறது காய் வெட்டுறது வடிக்கிறது தட்டு கழுவுறது எல்லாம் அவங்களே. 300 ரூபா தினக்கூலி 2024லதான் 325 ஆச்சு. அதே சமயத்துல பழைய பாத்திரம் மிஷின் மாத்த 7 கோடி, கட்டடம் சரி பண்ண 14 கோடின்னு அறிவிச்சாங்க, சரி, வேண்டியதுதான். ஆனா இட்லி விலை ஏறலன்னு நாம பெருமையா பேசுறோம்ல, அது ஏறாம இருக்க அந்த அக்காங்க கூலியும் சேந்து நின்னுபோச்சு. நஷ்டத்துல ஓடுது விலைய ஏத்துங்கன்னு சொல்றவங்க யாரும் இத பேசுறதே இல்ல. விலைய தொடவேணாம், கூலிய ஏத்துங்க, நஷ்டம் இன்னும் கொஞ்சம் கூடினா கூடட்டும், ஃப்ளைஓவர் கட்டினா மட்டும் யாரு லாபம் கேக்குறா?

சாப்பாட்டுக்கு 5க்கு மூணரை, அக்காங்களுக்கு 5க்கு 5. போறவங்க பன்னெண்டேகாலுக்குள்ள போயிடுங்க, கைல சில்லறை வச்சுக்கோங்க, 8 ரூபாய்க்கு 500 ரூபா நோட்ட நீட்டினா அந்த அக்கா பாக்குற பார்வைக்கு நான் பொறுப்பில்ல.