பகியா, ஜீப்பா, எஸ்.ஜே. 410ஆ? அப்புத்தளையிலிருந்து ஒரு கணக்கு

பகி எனப்படும், மேடுபள்ளத்தில் ஓடும் நான்கு இருக்கைத் திறந்த வண்டி ஒன்று சேற்றில் பாய்ந்து போகும் வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து மகன் என்னை விடவில்லை. ஞாயிறுகளில் குடும்பமாக நாலு பேர் தோட்டத்து மலைப் பாதைகளில் சுற்றத்தான் வண்டி தேடினோம்; எனக்கும் பகியில் ஆசைதான். ஆனால் பதிவில்லாத வண்டியைப் பொது வீதியில் ஓட்ட முடியாது. தோட்டத்து ரோடு தொடங்கும் இடத்துக்குப் போகவே நாங்கள் பெரிய ரோட்டில் ஏற வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் லொறி பிடித்து பகியை ஏற்றிப் போவதா? அத்தோடு, அந்த வகை வண்டிகள் பெரும்பாலும் பெல்ட்டில் ஓடுபவை. நாலு பேரோடு ஏற்றத்தில் ஹை கியரிலேயே ஊர்ந்தால் பெல்ட் சூடேறிக் கருகும். லோ கியர் போட்டால் தாங்கும், சரி. ஐப்பசி மழைக்குக் கதவு எங்கே என்று மனைவி கேட்டார். பேச்சு அதோடு முடிந்தது.

சுசுகியின் சின்ன ஃபோர் வீல் வண்டியான ஜிம்னி, அதுவும் புதிது? 2020இல் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியாருக்குத் திறந்தபோது விலை விசாரித்தேன். வரியோடு சேர்த்துச் சொன்ன தொகையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன்.

மிஞ்சியவை இரண்டு பழசுகள்: 4டி.ஆர்.5 என்ற டீசல் எஞ்சின் உள்ள மிட்சுபிஷி ஜீப், சின்ன பெற்றோல் ஜீப்பான சுசுகி எஸ்.ஜே. 410.

பலத்தைக் கேட்டால் ஜீப்தான். 2,659 சிசி டீசல். மச்சானிடம் ஒன்று இருக்கிறது. நாலு பேரும் சோற்றுப் பார்சலும் ஏறியது அதற்குத் தெரியவே தெரியாது. எஸ்.ஜே. 970 சிசி பெற்றோல், 45 குதிரைத்திறன் அளவில்தான். 1,400 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், கார்புரேட்டர் எஞ்சினில் அதிலும் ஏழில் ஒரு பங்கு போய்விடும். உடவேரியா தோட்டத்து ஏற்றத்தில் லோ ஃபர்ஸ்டில் நாங்கள் போகும் வேகத்துக்கு, கொழுந்துக் கூடையோடு நடப்பவர்கள் எங்களை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

அப்படியிருந்தும் நான் எஸ்.ஜே.யைத்தான் வாங்கினேன். காரணம் ஒன்றுதான்: நின்றால், நின்ற இடத்திலேயே திருத்தலாம்.

போன மாசியில் ஓஹியாவிலிருந்து களுபஹன பக்கம் இறங்கும் அந்தக் கல்லுப் பாதையில் வண்டி விக்கி விக்கி நின்றது. மாலை நாலரை மணி, மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது, போனில் சிக்னல் இல்லை. பழைய டாங்கியின் அடியில் கிடந்த துரு கிளம்பி வந்து கார்புரேட்டரை அடைத்திருந்தது. மேல்மூடியைக் கழற்றி, ஜெட்டை வாயால் ஊதி, பில்டருக்குப் போகும் குழாயைத் தட்டிச் சுத்தம் செய்து மாட்ட நாற்பது நிமிடம். கையிலிருந்தது ஒரு ஸ்குரூ டிரைவரும் 10ஆம் இலக்கச் சாவியும்தான். மகள் டோர்ச் பிடித்தாள்.

மச்சானுக்கு இதே மாதிரி டீசலில் தண்ணீர் கலந்தபோது கதை வேறு. ஜீப்பை இழுத்துக்கொண்டு போய், எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் இன்ஜெக்டர் பம்பைக் கழற்றி, பம்ப் வேலை மட்டும் செய்யும் மெக்கானிக் பாஸிடம் கொடுத்து, பதினொரு நாள் காத்திருந்தார். நியாயமாகச் சொன்னால், 4டி.ஆர்.5 எஞ்சின் மிட்சுபிஷியின் கென்டர் லொறிகளிலும் வந்ததுதான்; பார்ட்ஸ் கிடைக்கும். ஆனால் அந்தப் பம்பைச் சரிக்கட்ட மெஷின் வேண்டும். அந்த மெஷின் மலையேறி வராது. எஸ்.ஜே.க்கு வேண்டிய சாமான் பண்டாரவளையில் இல்லாவிட்டால் கொழும்பில் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு ஒரு கோல். இரவு பதுளை பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டால் காலையில் அப்புத்தளையில் இறங்கிவிடும். லைசன்ஸ் புதுப்பிக்க வருடா வருடம் எடுக்கும் புகைப் பரிசோதனையும் எனக்குத் தலையிடி இல்லை. மச்சானுக்கு அந்த மாதம் முழுக்கத் தூக்கம் வராது.

அகலம் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். எதிரே கொழுந்து லொறி வந்தால் காணோரம் ஒதுங்கி நிற்க இடம் கிடைக்கிறது. பாரமும் குறைவு, சேற்றில் புதைந்தால் நாலைந்து பேர் தள்ளினால் போதும். ஃபோர் வீல் போட மட்டும் முன் சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப் பூட்டைக் கையால் திருப்ப வேண்டும். "இறங்கி ரெண்டு பக்கமும் திருப்பிட்டு வாம்மா" என்றால் மழையென்றும் பாராமல் மகள் குதித்து ஓடுவாள். அவளுக்கு அதுதான் பயணத்தில் பிடித்த கட்டம்.

குறைகள் இருக்கின்றன. மலையில் லீற்றருக்கு எட்டு கிலோமீட்டர் போனாலே அதிகம். கீழ்த்தகடு துருப்பிடிக்கும், டிங்கர் வேலைக்கு இதுவரை எவ்வளவு போனது என்பதை மனைவிக்குச் சொல்லவில்லை. என் கையில் வண்டி இருப்பது இரண்டு வருடம்தான், எஞ்சினை இன்னும் இறக்கிப் பார்த்ததில்லை. தினமும் பாரம் ஏற்றும் தேவை உள்ளவருக்கு நான் ஜீப்பையே சொல்வேன்.

வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் நம்பரையும் செசி (அடிச்சட்ட) நம்பரையும் வண்டியின் பதிவுப் புத்தகத்தோடு வைத்துப் பாருங்கள். இந்த வயது வண்டிகளில் எஞ்சின் மாறியிருப்பது சாதாரணம். எங்களுடையதிலும் முன்பு வைத்திருந்தவர் சுசுகி வேன் எஞ்சினைத்தான் ஏற்றியிருந்தார். அது புத்தகத்தில் பதிந்திருந்ததைப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுத்தேன்.