பி.காம்., எல்எல்.பி. ‘நேரடி 3-ம் ஆண்டு’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எங்கள் 85,000 ரூபாய் போய்விட்டது

இன்று மதியம்தான் அந்த அட்மிஷன் கன்சல்டன்சி ஆபீசிலிருந்து திரும்பி வந்தேன். இன்னும் படபடப்பு அடங்கவில்லை, எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தம்பியின் டி.சி. கைக்கு வந்துவிட்டது. 85,000 ரூபாய் வரவில்லை. வராது என்று முகத்துக்கு நேராகவே சொல்லி அனுப்பிவிட்டார்கள். பி.காம்., எல்எல்.பி. என்கிற, வணிகமும் சட்டமும் சேர்ந்த ஐந்து வருடப் படிப்பில் சேர்வதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தம்பி பி.காம். இரண்டு வருடம் முடித்திருந்தான். கணக்கு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கம்பெனிச் சட்டம் பேப்பர் வந்ததிலிருந்து சட்டத்தின் மேலும் ஆசை வந்துவிட்டது. “வரி கேஸ் நடத்துற வக்கீலா ஆகணும்க்கா, பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தா எங்க இடிக்குதுன்னு எனக்கே தெரியணும்” என்பான். நான் வேலை பார்ப்பது ஒரு மொத்த வியாபாரக் கடையில். ஜிஎஸ்டி நோட்டீஸ் ஒன்று வந்தால் ஆடிட்டரிடம் ஒரு நடை, வக்கீலிடம் ஒரு நடை என்று முதலாளி அலைவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் அவன் ஆசையில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது. பிளஸ் டூ முடித்த கையோடு ஐந்து வருடப் படிப்பில் சேர்த்திருக்கலாம். ஆனால் வணிகமும் சட்டமும் சேர்த்துப் படிக்கிற பட்டம் ஒன்று இருப்பதே அப்போது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

மே மாதம் அவன் போனில் ஒரு விளம்பரம் வந்தது. ‘பி.காம். பாதியில் இருப்பவர்கள் பி.காம்., எல்எல்.பி. 3-ம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், படித்த வருடங்கள் வீணாகாது.’ இருவரும் போனோம். அங்கிருந்த கவுன்சிலர் வாய்க்கு வாய் என்னை “அக்கா” என்றார். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். பி.காம். மூன்றாம் வருடம் முடித்து மூன்று வருட எல்எல்.பி. போனால் இன்னும் நான்கு வருடம், எங்கள் வழியில் வந்தால் மூன்றே வருடம், ஒரு வருடம் மிச்சம் என்றார். படிக்கும்போதே ஆடிட்டர் ஆபீசில் சி.ஏ.வுக்கான ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சியும் ஓடும், சட்டம் படித்தவனுக்கு சி.ஏ. பரீட்சையில் ஒரு குரூப் பேப்பர்களை எழுதவே வேண்டாம் என்றும் சொன்னார்.

அதையெல்லாம்விட என்னை விழவைத்தது ஒரு ஃபைல். தம்பியின் மார்க் ஷீட்டுகளை ஒவ்வொன்றாக மூலை மடங்காமல் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டார். சின்ன மெஷினில் லேபிள் அடித்து மேலே ஒட்டினார். தம்பி பெயர், அதற்குக் கீழே ‘பி.காம்., எல்எல்.பி. – 3-ம் ஆண்டு’. அதைத் தம்பி பக்கம் திருப்பிக் காட்டினார். அவன் அந்த லேபிளை விரலால் தடவிப் பார்த்தான். நான் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

நான் போட்டிருந்தது ஒரு லட்சம் ரூபாய் ஏலச்சீட்டு. 15,000 தள்ளி எடுத்ததில் கைக்கு வந்தது 85,000. அதை அப்படியே அனுப்பினேன். ஆபீஸ் கணக்குக்கு இல்லை, அவர் சொன்ன ஒரு தனி ஆள் கணக்குக்கு. ரசீது கொடுத்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. டி.சி. இருந்தால்தான் ‘டிரான்ஸ்ஃபர்’ நடக்கும் என்றதால் பழைய காலேஜில் அதையும் வாங்கி, ஒரிஜினலை அவர் கையிலேயே கொடுத்தோம்.

ஜூன் முழுக்க “யுனிவர்சிட்டி சர்க்குலர் வரணும்க்கா” என்றார். பிறகு “சார் மீட்டிங்ல இருக்கார்.” பிறகு வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் குறி மட்டும் விழும், பதில் வராது. ஜூலையில் பொறுக்க முடியாமல் அவர்கள் சொன்ன காலேஜுக்கே நேராகப் போய்விட்டேன். ஆபீசில் இருந்த அம்மா என் ரசீதைக்கூட வாங்கவில்லை. “நடுவுல சேர்றதுன்னு சட்டப் படிப்புல ஒண்ணு கிடையவே கிடையாதும்மா. பார் கவுன்சில் விதி. போன வாரம்கூட ஒரு அப்பா இதே மாதிரி வந்து நின்னார்” என்றார்.

அன்று ராத்திரி தம்பியும் நானும் உட்கார்ந்து படித்தோம். சட்டப் படிப்புக்கு விதி வகுக்கிற பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 2008-ம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள். 13-வது விதியில் பச்சையாக இருக்கிறது: பி.காம்., எல்எல்.பி. மாதிரி ஒருங்கிணைந்த இரட்டைப் பட்டப் படிப்பில் நடுவில் நுழையவும் முடியாது, நடுவில் ஒரு பட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியேறவும் முடியாது. வேறு பட்டப் படிப்பை முழுசாக முடித்தவர்கள்கூட, ஐந்து வருடப் படிப்பு வேண்டுமென்றால் முதல் வருடத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மற்ற வாக்குறுதிகளும் பொய்தான். பாடத்துக்குப் பாடம் 70 சதவீத வருகை கேட்கிற முழுநேரப் படிப்பு இது. சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப் என்பது இப்போது இரண்டு வருடம் ஆபீசில் உட்கார்ந்து செய்கிற பயிற்சி. இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்வான்? சட்டப் பட்டத்துக்காக சி.ஏ.வில் ஒரு பேப்பர்கூட விலக்கு கிடையாது. வணிகப் பட்டதாரி 55 சதவீதம் எடுத்திருந்தால் ஃபவுண்டேஷன் என்கிற முதல் கட்டப் பரீட்சை எழுதாமல் நேராக அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். அதற்கு அவன் படித்துக்கொண்டிருந்த சாதாரண பி.காம். போதும்! அதைத்தானே நாங்கள் விட்டுவிட்டு வந்தோம். ஒரு வருடம் மிச்சம் என்ற பேச்சுக்கு மயங்கி இருந்த இடத்தையும் விட்டோம், 85,000 ரூபாயையும் விட்டோம்.

மறுநாளே கன்சல்டன்சியில் போய் நின்றேன். “அக்கா” போய் “மேடம்” வந்துவிட்டது. ரசீதைக் காட்டச் சொன்னார். ‘ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது’ என்று பொடி எழுத்தில் இருந்தது. சேர்க்கைக்காக ஒரு பைசாகூட வாங்கவில்லை, ஆலோசனைக்குத்தான் வாங்கினார்களாம். ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது, கட்டணத்தை இத்தனை நாளுக்குள் இத்தனை சதவீதம் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே சொல்லியிருக்கிறது என்றேன். “அது காலேஜுக்கு மேடம். நாங்க காலேஜ் இல்லையே” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இரண்டாம் முறை போனபோது வேறு பேரம். வேறு மாநிலத்தில் முதல் வருட சீட் தருகிறோம், இன்னும் 60,000 கட்டுங்கள், பரீட்சைக்கு மட்டும் போனால் போதும், வருகைப் பதிவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். போலி வருகையில் படித்துவிட்டு எந்தக் கோர்ட்டில் போய் நின்று இவன் நியாயம் பேசுவான்? வேண்டாம், டி.சி.யைக் கொடுங்கள் என்றேன். கொடுக்கவில்லை.

இன்று மூன்றாம் முறை. போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க எழுதிய புகாரின் நகலை மேஜை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு பையன் ஃபைலைக் கொண்டுவந்து போட்டான். லேபிளைக் கிழித்திருந்தார்கள். பசை மட்டும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தம்பி ஃபைலைத் திறந்து மார்க் ஷீட்டுகளை எண்ணினான். பிறகு “சீட்டுப் பணம் இன்னும் எத்தனை மாசம் கட்டணும்க்கா?” என்று கேட்டான். பதினொரு மாதம் பாக்கி. அவனிடம் சொல்லவில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது உடம்பில் தெம்பில்லை. அவசரமாகச் சில விஷயங்கள். சட்டப் படிப்பில் நேரடி 2-ம் ஆண்டு, 3-ம் ஆண்டு என்று யார் சொன்னாலும் பொய். தபால் வழி எல்எல்.பி.யும் அப்படித்தான், அதை வைத்து வக்கீலாகப் பதிய முடியாது. காலேஜுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார் கவுன்சில் ஆஃப் இந்தியா இணையதளத்தில் நீங்களே பாருங்கள். சென்னை டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் பி.காம்., எல்எல்.பி.க்கு பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் இடம், ஆன்லைனில் நீங்களே விண்ணப்பிக்கலாம், நடுவில் ஆள் வேண்டாம். தனி ஆள் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். ரசீதைப் படியுங்கள். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 85,000 ரூபாய்க்கு நானும் போடப் போகிறேன்.

நாளைக் காலை பத்து மணிக்குத் தம்பியின் பழைய காலேஜ் பிரின்சிபாலைப் பார்க்க வேண்டும். மூன்றாம் வருட வகுப்பு ஆரம்பித்து நான்கு வாரம் ஆகிவிட்டது. டி.சி.யைக் கொண்டுவாருங்கள், பேசிப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.