வேலூர் வெயிலில் வீட்டு சீரம்: மங்கு எவ்வளவு குறைந்தது?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நானே கலந்து பூசும் சீரத்தால் கன்னத்து மங்கு, அதாவது கருந்திட்டு, பாதிக்கு மேல் மங்கியிருக்கிறது. கண்ணோரச் சுருக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. நிறம்? மாநிறமாக இருந்தேன், மாநிறமாகவே இருக்கிறேன். சிவப்பாக வேண்டும் என்று வந்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்கு தினமும் ஸ்கூட்டியில் போய் வருகிறேன். கத்திரி வெயிலில் பாலாற்றுப் பாலத்தின் மேல் வண்டி ஓட்டியவர்களுக்கு மங்கு எங்கிருந்து வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை. ஹார்மோனும் வம்சமும் அடித்தளம் போடும், வெயில் அதைக் கருக்கிவிடும்.

எல்லோரையும் போல வைட்டமின் சியில்தான் தொடங்கினேன். 15 சதவீதம் எல்-அஸ்கார்பிக் அமிலம், 1 சதவீதம் வைட்டமின் ஈ, 0.5 சதவீதம் ஃபெருலிக் அமிலம் என்பது ஆய்வுகளில் நல்ல பெயர் வாங்கிய கலவை. பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 3.5-க்குக் கீழே இருந்தால்தான் தோலுக்குள் இறங்கும். ஃபெருலிக் அமிலம் தண்ணீரில் சரியாகக் கரையாது. அதற்குத் தனியாகக் கரைப்பான் வேண்டும். இந்தப் பாடெல்லாம் பட்டாலும், கரைந்த அஸ்கார்பிக் அமிலத்துக்கு வெப்பம், வெளிச்சம், காற்று மூன்றும் ஆகாது. வேலூரில் வேறெது இல்லாவிட்டாலும் முதலிரண்டு தாராளம். மார்கழியில் தாக்குப்பிடித்த சீரம், சித்திரையில் பிரிட்ஜுக்குள் இருந்தும் பாட்டில் பாதி தீருமுன் டிகாக்ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. பழுப்பேறியதைப் பூசிப் பயனில்லை, கொட்டத்தான் வேண்டும். த்ரெடிங் செய்த அன்று பூசினால் எரிச்சல் வேறு. ஊட்டியில் இருப்பவர்கள் முயன்று பார்க்கட்டும்.

அதன்பிறகு நயசினமைடுக்கு மாறினேன். இதுவும் வைட்டமின்தான், பி3. வெப்பத்துக்கு அசராது, தண்ணீரில் உடனே கரையும், பிஎச் 5 முதல் 7 வரை சமர்த்தாக இருக்கும். நிறமியை உற்பத்தி செய்யும் செல்லிலிருந்து அந்த நிறமி மேல்தோல் செல்களுக்குப் போய்ச் சேருவதைத் தடுக்கிறது. மெதுவான வேலை, ஆனால் கோடையிலும் நடக்கிற வேலை.

நான் செய்வது 50 கிராம் அளவு: தண்ணீர் 43.25, நயசினமைடு 2.5, கிளிசரின் 2.5, பாந்தெனால் 1, ஹையலுரானிக் அமிலப் பொடி 0.25, ஃபீனாக்ஸி எத்தனால் வகைப் பதப்படுத்தி 0.5. எல்லாமே கிராமில். ஸ்பூன் கணக்கு இங்கே செல்லாது, 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு இல்லாமல் இறங்காதீர்கள். ஹையலுரானிக் பொடியை மட்டும் தண்ணீர் மேல் பொறுமையாகத் தூவி, கிண்டாமல் மூடி ராத்திரி முழுக்க விடுங்கள். அவசரப்பட்டுக் கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும், எந்தக் கரண்டியாலும் உடைக்க முடியாது. காலையில் பார்த்தால் தானாகவே கூழாகியிருக்கும். பிறகு மற்றவற்றைச் சேர்க்கலாம். பாத்திரம், பாட்டில், கரண்டி எல்லாவற்றையும் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு எடுப்பேன்.

தண்ணீர் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் போர் தண்ணீர் குழாயிலேயே உப்புப் பூத்து நிற்கிறது, அதை முகத்துக்கான பாட்டிலில் ஊற்ற மனம் வருமா? பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீரும் வேண்டாம், அது பேட்டரிக்கானது. சி.எம்.சி. மருத்துவமனை பக்கம் மருந்துக் கடைக்கா பஞ்சம்? ஊசி மருந்து கலக்க விற்கும் ஸ்டெரைல் வாட்டரை வாங்கிக்கொள்கிறேன்.

பதப்படுத்தி போடாமல் 'இயற்கையாக' செய்யலாமே என்று கேட்பார்கள். தண்ணீர் இருக்கும் எதிலும் பூஞ்சை வரும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வந்துவிடும். கற்றாழையைச் சீவிப் போட்டால் இன்னும் சீக்கிரம் வரும். எலுமிச்சை சாறு பிழியச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கொப்பளித்து, இருந்ததைவிடக் கருத்துப்போக வாய்ப்புண்டு. நயசினமைடு சீரத்தின் பிஎச்சையும் அது தாறுமாறாக இறக்கிவிடும். ரொம்பப் புளிப்பான கரைசலில் நயசினமைடு கொஞ்சம் கொஞ்சமாக நிகோடினிக் அமிலமாக மாறி, பூசினால் முகம் சிவந்து காந்தும்.

பலன் எப்போது தெரிந்தது? முதல் மாதத்தில் எண்ணெய் வடிவது குறைந்தது, அவ்வளவே. ஆடியில் ஆரம்பித்தது, தீபாவளி நெருங்கும்போதுதான் திட்டுகளின் ஓரம் கரைவது தெரிந்தது. தெருமுனையில் பூ கட்டும் அம்மா, "இன்னாம்மா, மூஞ்சி தெளிவா கீது, பார்லருக்குப் போய்ட்டு வந்தியா?" என்று கேட்டபோதுதான் எனக்கே முழு நம்பிக்கை வந்தது. அடுத்த கத்திரியில் கொஞ்சம் திரும்ப வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். சன்ஸ்கிரீன் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூசாத நாட்களில் சீரம் எதையும் சாதிக்கவில்லை. அயர்ன் ஆக்சைடு சேர்ந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் மங்குக்கு இன்னும் பொருத்தம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும்.

கண்ணோரச் சுருக்கத்துக்கு வருவோம்: பூசியதும் தோல் உப்பி வழவழப்பாகத் தெரிவது ஹையலுரானிக், கிளிசரின் இழுத்து வைக்கும் ஈரம். முகம் கழுவினால் அது போச்சு. உண்மையாகச் சுருக்கம் குறைய வைட்டமின் ஏ வகையான ரெட்டினாய்டு வேண்டும். அதை வீட்டில் கலக்க மாட்டேன். கர்ப்பிணிகள் அதன் பக்கமே போகக் கூடாது.

ஒரு வாரத்தில் பளிச்சென்று ஆக்கும் க்ரீம்களை யாராவது நீட்டினால் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். மொமெட்டசோன் (இது ஸ்டீராய்டு), ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாய்ன் என்று மூன்றும் இருந்தால் அது டாக்டர் எழுதிக்கொடுத்து, கெடு வைத்துப் போட வேண்டிய மருந்து. மாதக்கணக்கில் பூசித் தோல் மெலிந்து நரம்பு தெரியும் முகங்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

பொருள் செலவு குறைவுதான். தராசுக்கும் பிஎச் தாளுக்கும் முதலில் போடும் காசுதான் கடிக்கும். ஒருவருக்கு மட்டும் என்றால், கடையில் 5 சதவீத நயசினமைடு வாங்கிவிடுவது லாபம். எங்கள் வீட்டில் நான், தங்கை, அவள் கல்லூரிப் பெண் என்று மூன்று முகம் இருப்பதால் தொடர்ந்து கலக்குகிறேன். பெண்ணுக்கு 5 சதவீதம் கொஞ்சம் அரித்தது, நயசினமைடை 1.25 ஆக்கி, குறைந்த எடையைத் தண்ணீரில் கூட்டிக் கொடுக்கிறேன், அவளுக்கு அதுவே ஒத்துப்போகிறது.