கேன்சர் வந்த வயசுப் பசங்ககிட்ட டாக்டர் மனசப் பத்தி எப்படி கேக்கணும்? நாலு வழி, எது நம்ம ஊருக்கு சரிப்படும்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துல கேன்சர்னு சொல்லிட்டா குடும்பம் முதல்ல பேசுறது எந்த ஆஸ்பத்திரின்னு தான். சேலமா, பெங்களூர் கித்வாயா, வேலூர் சிஎம்சியா, அடையாறான்னு சொல்ல ஆளாளுக்கு வந்துடுவாங்க. ஆனா 15, 20 வயசுல கீமோ எடுக்குற பையனோ பொண்ணோ உள்ளுக்குள்ள பயந்து கெடக்குறப்போ அத டாக்டர் எப்படி பேச வைக்கிறாருன்னு யாரும் பாக்குறதில்ல. அதுக்கு நாலு விதம் நடைமுறையில இருக்கு, நாலும் ஒண்ணு கிடையாது.

முதல் விதம், கேக்காமலே விடுறது. சாப்பிடுறியா, வாந்தி இருக்கா, காய்ச்சல் வந்துச்சா, பிளட் கவுண்ட் ரிப்போர்ட் எங்க, அவ்ளோதான், அடுத்த டோக்கன். ஓபில நிக்கிற கூட்டத்த பாத்தா டாக்டர குறை சொல்லவும் மனசு வரல. வேணும்னா பேஷண்டே சொல்லுவாங்கன்னு அவரு நெனைக்கிறாரு, ஆனா பசங்க நேரா சொல்லவே மாட்டாங்க, சுத்தி வளைச்சு தான் வருவாங்க. "சார் ஜூன்ல காலேஜ் போயிடலாமா"ன்னு ஒரு பையன் கேட்டா அவன் தேதிய மட்டும் கேக்கல, நான் பொழைப்பேனான்னு கேக்குறான். அதுக்கு "அடுத்த ஸ்கேன் பாத்துட்டு சொல்றேன்"னு பதில் வந்தா அதோட வாய மூடிக்குவான். அமெரிக்காவுல நோய் முத்தின பெரியவங்க டாக்டரோட பேசினத 398 தடவ ரெக்கார்டு பண்ணி 2007ல ஒரு ஆய்வு வந்துச்சு, பேஷண்ட் மனசு கஷ்டத்த காட்டின எடத்துல டாக்டர் அத புடிச்சு மேல பேச விட்டது 22 சதவீதம் தான். வாய் விட்டு சொல்ற பெரியவங்களுக்கே இந்த கதின்னா நம்ம பசங்கள யோசிச்சு பாருங்க.

ரெண்டாவது, நேரா கேக்குறது. "மனசு எப்படிப்பா இருக்கு?" நல்ல கேள்வி தான், ஆனா யார் பக்கத்துல இருக்கும்போது கேக்குறாங்கங்கறதுல தான் எல்லாமே இருக்கு. அம்மா அப்பா ரெண்டு பேரும் நிக்கிறப்போ கேட்டா "நல்லா இருக்கேன் சார்", இல்லன்னா அவன் வாய தொறக்குறதுக்குள்ள அம்மாவே "நல்லா தைரியமா இருக்கான் சார்"னு சொல்லி முடிச்சுடுவாங்க. எங்க சித்தி பையனுக்கு முட்டிக்கு மேல எலும்புல கட்டி வந்தப்போ இத கிட்ட இருந்து பாத்தேன், மாந்தோப்ப அடமானம் வச்சு தான் வைத்தியம் நடக்குதுன்னு அவனுக்கு தெரியும், அப்புறம் எப்படி அப்பா முன்னாடி "எனக்கு போதும், முடியல"ன்னு சொல்லுவான்? பசங்க பெத்தவங்கள காப்பாத்துறாங்க, பெத்தவங்க பசங்கள காப்பாத்துறாங்க, ரெண்டு பேரும் தனித்தனியா அழுவுறாங்க. நெறைய வீட்ல கேன்சர்ங்கற வார்த்தையே வராது, "கட்டி"ன்னு தான் சொல்லி வச்சிருப்பாங்க, அவன் மருந்து பேர போன்ல தேடி எப்பவோ தெரிஞ்சு வச்சிருப்பான். பொண்ணுங்கன்னா இன்னும் மோசம், முடி கொட்டுற கவலைய விட "வெளிய சொல்லாதீங்க, நாளைக்கு கல்யாணம் ஆகணும்"னு வீட்ல பேசுறது காதுல விழுற வலி தான் பெருசு.

அதனால இதே கேள்விய பெத்தவங்கள அஞ்சு நிமிஷம் வெளிய உக்கார வச்சிட்டு கேட்டா அது வேற வழியாவே ஆயிடுது. டீனேஜ் பசங்க கிட்ட பேச டாக்டருங்களுக்கு ஹெட்ஸ்னு ஒரு முறை சொல்லிக் குடுப்பாங்க, வீடு, படிப்பு, பொழுதுபோக்குன்னு சுலபமானதுல ஆரம்பிச்சு, போதை, செக்ஸ், தற்கொல எண்ணம்னு கஷ்டமானத கடைசில தான் தொடுறது. நம்ம ஊர்ல தனியா பேசணும்னா "எங்களுக்கு தெரியாம என்ன பேச்சு"ன்னு சந்தேகம் வரும், அதனால "இந்த வயசுல வர்ற எல்லார்கிட்டயும் கொஞ்சம் தனியா பேசுவேம்மா"ன்னு வழக்கம் மாதிரி சொல்லிடணும். பையன்கிட்ட "நீ சொல்றது என்னோட இருக்கும், உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் வீட்ல சொல்லுவேன்"னு முன்னாடியே சொல்லிடணும். சில கீமோ மருந்தால பின்னாடி கொழந்த பொறக்குறதுல பிரச்சன வரலாம், ஆம்பள பசங்களுக்கு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே விந்தணு எடுத்து உறைய வச்சு சேமிக்க முடியும், இத எந்த பையன் அம்மா முன்னாடி வாய் தொறந்து கேப்பான்? தனியா பேசாததால அந்த வாய்ப்பே போயிடும்.

மூணாவது, பேப்பர். 0லருந்து 10 வரைக்கும் தெர்மாமீட்டர் படம் போட்டிருக்கும், இந்த வாரம் மனசு எவ்ளோ கஷ்டமா இருந்துச்சுன்னு வட்டம் போடணும், கீழ தூக்கம், பயம், பணம், படிப்புன்னு லிஸ்ட் இருக்கும், டிக் அடிக்கணும். 4 இல்ல அதுக்கு மேல போட்டிருந்தா இன்னும் விசாரிக்கணும்னு கணக்கு. வாயால சொல்ல கூச்சப்படுறவன் கூட டிக் அடிச்சுடுவான், அதுவும் ரத்தம் குடுத்துட்டு சும்மா காத்திருக்கிற நேரத்துலயே முடிஞ்சிடும். டைம் இல்லன்னு சொல்ற டாக்டருங்களுக்கு ஒண்ணு சொல்லணும், இங்கிலாந்து லீட்ஸ்ல பேஷண்டுங்க உள்ள போறதுக்கு முன்னாடி டச் ஸ்கிரீன்ல இந்த மாதிரி கேள்விகளுக்கு பதில் போட்டு அத டாக்டர் பாத்துட்டு பேசின ஆய்வு 2004ல வந்துச்சு, பேச்சு நல்லா ஆச்சு, நேரம் நீளல. ஆனா பேப்பர வாங்கி ஃபைல்ல சொருகிட்டு யாரும் பாக்கலன்னா அது கேக்காததவிட மோசம், சொல்லியும் கண்டுக்கலன்னு ஆயிடும். பெங்களூர் போறவங்களுக்கு மொழி வேற இடிக்கும், ஃபாரம் கன்னடத்துலயோ இங்கிலீஷ்லயோ இருந்தா யாராவது பெரியவங்க தான் நிரப்புவாங்க, பழையபடி பையன் வாய் அடைஞ்சுடும்.

நாலாவது கவுன்சிலர்கிட்ட அனுப்புறது. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல இதுக்குன்னே தனி பிரிவு இருக்கு, இருக்குற எடத்துல நல்ல வழி. ஆனா பாலக்கோட்டுலருந்தோ ஊத்தங்கரையிலருந்தோ வர்றவங்களுக்கு இன்னொரு நாள் வான்னா இன்னொரு நாள் கூலியும் பஸ் காசும் போச்சு, போதாததுக்கு "நான் என்ன பைத்தியமா"ன்னு அவன் கேப்பான். ஊர்லருந்தே பேச டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல போன் சேவை இருக்கு, 14416, காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். 2021 ஆகஸ்ட்ல நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வலி நிவாரண நர்சு வீட்டுக்கே வருவாங்க, அவங்ககிட்டயும் சொல்லலாம்.

என்ன கேட்டா தமிழ்ல ஒரு பேப்பர், அத கையில வச்சுக்கிட்டு டாக்டரே அஞ்சு நிமிஷம் தனியா பேசுறது, தேவப்பட்டா அப்புறம் கவுன்சிலர், நம்ம ஊருக்கு இதான் சரிப்படும். ஒரு தடவ கேட்டுட்டு விடவும் கூடாது, சில ரத்தப் புத்துநோய்க்கு ரெண்டு மூணு வருஷம் வைத்தியம் ஓடும், முதல் மாசம் சாவு பயம், அப்புறம் முடி, அப்புறம் கூடப் படிச்சவங்க முன்னாடி போயிட்டாங்களேன்னு வேற கவல. பேச மனசில்லாத நாள்ல "சரி, அடுத்த தடவ பாப்போம்"னு விட்டுடலாம்.

டாக்டர் தானா கேக்கலன்னா பெத்தவங்களே "சார் நாங்க கொஞ்சம் வெளிய இருக்கோம், நீங்க இவன்கிட்ட பேசுங்க"ன்னு எந்திரிச்சு வந்துடுங்க. திரும்பி வர்ற பஸ்ல "டாக்டர்கிட்ட என்ன சொன்ன"ன்னு மட்டும் நோண்டாதீங்க, நோண்டினீங்கன்னா அடுத்த தடவ அந்த பேப்பர்ல 0ல வட்டம் போட்டுக் குடுத்துடுவான்.