இரவில் மகளின் போன்: பூட்டும் செயலியா, ஹால் மேசையா?

போன ஜூனில் மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனபோது அவளுக்கென்று ஒரு போன் வாங்கிக் கொடுத்தோம். இன்ஸ்டாகிராமும் கூடவே வந்தது. இரண்டே மாதத்தில் காலையில் அவளை எழுப்புவது பெரும்பாடாகிவிட்டது. எதைக் கேட்டாலும் எரிந்து விழுந்தாள். அதற்குப் பிறகு மூன்று வழிகளைப் பார்த்துவிட்டோம்: இன்ஸ்டாகிராமின் டீன் கணக்கு, கூகுளின் ஃபேமிலி லிங்க், இரவில் எல்லார் போனையும் ஹாலில் சார்ஜ் போடுவது. எங்கள் வீட்டில் நிலைத்தது மூன்றாவதுதான்.

டீன் கணக்கு 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு. கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும், தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது. இதை எல்லாரும் போட்டுவைக்கலாம், யோசிக்கவே வேண்டாம். ஆனால் இரவு 10 முதல் காலை 7 வரை அதில் உள்ள ஸ்லீப் மோட், நோட்டிஃபிகேஷனை மட்டும்தான் அடக்குகிறது. ரீல்ஸ் பார்க்க நினைத்தால் பார்க்கலாம். பிறந்த வருடத்தை மாற்றிக் கொடுத்துக் கணக்கு தொடங்கிய பிள்ளைக்கு இந்தப் பாதுகாப்பு வராமலே போகலாம்.

ஃபேமிலி லிங்க் உண்மையில் நல்ல செயலி. எந்த ஆப்புக்கு எத்தனை நிமிடம், எத்தனை மணிக்குப் போன் பூட்ட வேண்டும் என்று என் போனிலிருந்தே வைத்துவிடலாம். சிக்கல் அதைத் தினமும் நடத்துவதில் இருந்தது. பத்து மணிக்குப் பூட்டு விழும். "அம்மா, பத்தே நிமிஷம்மா, ஹோம்வொர்க் போட்டோ எடுக்கணும்" என்று வந்து நிற்பாள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஹோம்வொர்க் ஒன்பதரைக்குத்தான் வரும், அதனால் மறுக்கவும் முடியாது. கூடுதல் நேரம் கொடுப்பேன். மறுநாளும் அதே. ஒவ்வொரு இரவும் நான் காவல்காரி, அவள் கைதி. அந்த இரண்டு மாதமும் பள்ளியில் நடந்தது எதையும் அவள் என்னிடம் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஹால் மேசைக்கு மாறியபோது செலவு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இரண்டு அலாரம் கடிகாரமும்தான். ஒன்பதே முக்காலுக்கு மூன்று போனும் டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வந்துவிட வேண்டும். மூன்றும் என்பதுதான் முக்கியம். முதல் வாரம் என் கணவர் ஆபீஸ் கால் வரும் என்று தன் போனைப் படுக்கைக்கு எடுத்துப் போனார். "அப்பாவுக்கு மட்டும் ஏன்?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. அன்றே அவர் போனும் ஹாலுக்கு வந்தது, சத்தத்தை மட்டும் கூட்டி வைத்துக்கொண்டார். அவர் அன்று பிடிவாதம் பிடித்திருந்தால் இந்த ஏற்பாடு பத்து நாள்கூடத் தாங்கியிருக்காது.

13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள். இவள் ஆறு மணி நேரம்கூடத் தூங்கவில்லை என்பதே எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. போட்டோவுக்கு யார் லைக் போட்டார்கள், யார் போடவில்லை என்று நள்ளிரவில் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். ஸ்னாப்சாட்டில் தோழியோடு ஸ்ட்ரீக், அதாவது ஒரு நாளும் விடாமல் ஒருவருக்கொருவர் படம் அனுப்பிக்கொள்ளும் தொடர்ச்சி, அறுந்துவிடும் என்ற பதற்றம் வேறு. இதையெல்லாம் நாங்கள் கேட்காமலே, ஹாலில் உட்கார்ந்து அவளே சொன்னாள்.

ஹால் மேசை பகல் நேரத்துக்கு உதவாது. அதனால் ஃபேமிலி லிங்கில் இன்ஸ்டாகிராமுக்கு ஒரு மணி நேர வரம்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். எனக்கு ஒரே பிள்ளை, இதுவும் ஆறு மாத அனுபவம்தான். இரவில் நண்பர்களோடு ஆன்லைன் கேம் ஆடும் பையன்கள் உள்ள வீட்டில் இது எடுபடுமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. தூக்கம் சரியான பிறகும் பிள்ளை வாரக்கணக்கில் வாடியே இருந்தால், அது போனோடு நிற்கிற விஷயமாக இருக்காது. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416க்கு எந்நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.