பென்டியம் ஜி4560ஆ, ரைசன் 3 1200ஆ? பழைய பட்ஜெட் பிராசசர் ரெண்டும் நேருக்கு நேர்

ஒண்ணு இன்டெல், இன்னொண்ணு ஏஎம்டி, ரெண்டுமே 2017ல வந்ததுதான். ஜி4560 ஜனவரில வந்துச்சு, அறிமுக விலை 64 டாலர். ரைசன் 3 1200 அந்த வருஷம் ஜூலை கடைசில, 109 டாலர். இன்னைக்கு பழைய பார்ட்ஸ் வச்சு ஒரு பிசி கட்டலாம்னு தேடுறவங்களுக்கு இந்த ரெண்டு பேரும் திரும்பத் திரும்ப கண்ணுல படும். ஆனா அந்த பழைய விலை வித்தியாசத்த மனசுல வச்சு முடிவு பண்ணிடாதீங்க, செகண்ட் ஹேண்ட்ல பிராசசர் விலைய விட அது கூட வர்ற மதர்போர்டு என்னன்றதுதான் ரொம்ப முக்கியம், ஏன்னு கீழ சொல்றேன்.

ஜி4560 வந்தப்போ அவ்ளோ பேசப்பட்டதுக்கு ஒரே காரணம் ஹைப்பர் த்ரெடிங், அதாவது ஒரு கோர் (சிப்புக்குள்ள நிஜமா கணக்கு போடற பகுதி) ஒரே நேரத்துல ரெண்டு வேலை வரிசைய (த்ரெட்) எடுத்துக்கறது. அதுக்கு முந்தின சில தலைமுறை டெஸ்க்டாப் பென்டியம் எல்லாம் 2 கோர் 2 த்ரெட்டோட நின்னுடும், இதுல இன்டெல் 4 த்ரெட் குடுத்துட்டாங்க. 3.5 ஜிகாஹெர்ட்ஸ், 3 எம்பி கேஷ் (சிப்புக்குள்ளயே இருக்கற சின்ன வேக மெமரி). அதே நேரத்துல வந்த ஐ3 7100 பாத்தீங்கன்னா அதுவும் 2 கோர் 4 த்ரெட், அதே 3 எம்பி கேஷ், ஸ்பீடு மட்டும் 3.9, விலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அப்புறம் எவன் ஐ3 வாங்குவான்?

ரைசன் 3 1200ல 4 நிஜ கோர் இருக்கு, ஆனா த்ரெட்டும் 4தான். 3.1ல ஓடி 3.4 வரைக்கும் ஏறும், எல்3 கேஷ் 8 எம்பி.

சாதாரண வேலைல ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பிரவுசர், ஆபீஸ் ஃபைல், வீடியோ கால், இந்த மாதிரி ஒரு கோர மட்டும் நம்பி ஓடுற வேலைல சொல்லப்போனா பென்டியம்தான் கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்கும், ஏன்னா கேபி லேக்கோட (ஜி4560 சேந்த இன்டெல் தலைமுறை) ஒரு கோர் முதல் தலைமுறை ரைசனோட ஒரு கோர விட கொஞ்சம் பலம் ஜாஸ்தி. எல்லா கோரும் சேந்து வேலை செய்யற இடத்துல, அதாவது வீடியோ கன்வர்ட், ஜிப் பண்றது, கோட் கம்பைல், இங்க 1200 சுமார் கால்வாசி முன்னாடி நிக்கும், ஓவர்க்ளாக் பண்ணா, அதாவது நாமளே ஸ்பீட ஏத்தினா, இன்னும் மேல. 1200 லாக் இல்லாத சிப், பி350 இல்ல பி450 போர்டு இருந்தா கூட வர்ற ஸ்டாக் கூலர்லயே 3.7, 3.8 பக்கம் பெரும்பாலும் நிக்குது. ஏ320 போர்டுல அந்த வசதி கிடையாது, பாத்து வாங்குங்க. பென்டியம்ல ஓவர்க்ளாக் பேச்சுக்கே இடமில்ல.

கேம் விஷயத்துக்கு வருவோம், இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. பெஞ்ச்மார்க் வீடியோல ஆவரேஜ் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தன ஃப்ரேம் வருது) பாத்தா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், சில கேம்ல பென்டியம் மேலயே காட்டும், அத பாத்துட்டு அட இது போதுமேன்னு தோணும். ஆனா ஆவரேஜ் ஒண்ணும் சொல்லாது. டாஸ்க் மேனேஜர தொறந்து வச்சுட்டு ஒரு பெரிய ஓப்பன் வேர்ல்ட் கேம் ஓட்டிப் பாருங்க, பென்டியம்ல நாலு கட்டமும் 100லயே ஒட்டிக்கிட்டு இருக்கும், வண்டில வேகமா ஊருக்குள்ள திரும்புற இடத்துல படம் அரை நொடி நின்னு நின்னு வரும், ரோடு டெக்ஸ்ச்சர் லேட்டா வந்து ஒட்டும், பின்னாடி டிஸ்கார்ட் ஓடுச்சுன்னா நம்ம குரல் எதிர்ல இருக்கறவங்களுக்கு வெட்டி வெட்டிக் கேக்கும். ஏன்னா அங்க இருக்கறது ரெண்டே கோர், கேமே மொத்தத்தையும் எடுத்துக்கிட்டா விண்டோஸுக்கு மிச்சம் எதுவும் இல்ல. அதே இடத்துல 1200ம் திணறும், இல்லன்னு சொல்லல, ஆனா அந்த வெட்டு குறைச்சலா இருக்கும், விளையாட முடியும். 1 சதவீத லோ நம்பர் (ரொம்ப மெதுவா வந்த 1 சதவீத ஃப்ரேமோட வேகம்) எங்கயாவது போட்டிருந்தா அத மட்டும் பாருங்க, மத்தத விடுங்க.

இன்னொண்ணு, இத பத்தி யாரும் அதிகமா பேசறதில்ல: ஜி4560ல ஏவிஎக்ஸ் (ஒரே அடில நிறைய கணக்கு போட வைக்கற சிப் கட்டளைகள்) கிடையாது. இன்டெல் அத பென்டியம்ல அடைச்சு வச்சுட்டாங்க, ஐ3ல இருந்துதான் குடுத்தாங்க. அதனால சில கேம் தொறக்கவே தொறக்காது. ஏஐ புரோகிராமிங்குக்கான டென்சர்ஃப்ளோ 1.6ல இருந்து ரெடிமேட் பில்டு இதுல ஓடாது, டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் மாங்கோடிபி 5.0 இன்ஸ்டால் பண்ணா ஸ்டார்ட் ஆகாம எரர் அடிக்கும். படிக்கற பசங்களுக்கு புரோகிராமிங் கத்துக்கன்னு வாங்கித் தரப் போறீங்கன்னா இத கண்டிப்பா யோசிக்கணும். 1200ல ஏவிஎக்ஸ் 2 வரைக்கும் இருக்கு, இந்த தலைவலி இல்ல.

சரி அப்போ 1200தான் நேரா வாங்கிடலாமான்னா, இல்ல. அதுல உள்ளுக்குள்ள கிராபிக்ஸ் கிடையாது. போர்டு பின்னாடி எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், ஆனா அது வேற மாடல் சிப்புக்கு, 1200 போட்டா ஸ்கிரீன் கருப்பாவேதான் இருக்கும், போர்டு செத்துப்போச்சுன்னு நெனச்சு ரிட்டர்ன் அனுப்பினவங்க எல்லாம் உண்டு. தனியா கார்டு வாங்கியே ஆகணும். கார்டு கைல இல்லாதவங்களுக்கு இது சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கதைதான். கேம் வேணாம், படம் மட்டும் வந்தா போதும்ன்றவங்க 1200 பக்கமே போகாதீங்க, அதே போர்டுல ரைசன் 3 2200ஜி தேடுங்க, 4 கோரும் இருக்கு, வேகா 8 கிராபிக்ஸும் இருக்கு.

ஜி4560ல எச்டி 610 கிராபிக்ஸ் உள்ளயே இருக்கு. கேமுக்கு அது ஆகாது, ஆனா படம் பாக்க நல்லா இருக்கு, எச்இவிசி 10 பிட், விபி9 வீடியோ ஃபார்மட் ரெண்டையும் ஹார்டுவேர்லயே டிகோட் பண்ணிடும், 4கே வீடியோ ஓடும்போதும் பிராசசர் சும்மா இருக்கும். ஏவி1 மட்டும் முடியாது. 4கே மானிட்டர்னா டிஸ்ப்ளே போர்ட் இருக்கற போர்டா பாத்து எடுங்க, அந்த காலத்து போர்டு எச்டிஎம்ஐல பெரும்பாலும் 4கே 30 ஹெர்ட்ஸ்தான் வரும், மவுஸ் நகர்றதே இழுக்கற மாதிரி இருக்கும். கரண்டும் கம்மியா தின்னும், 54 வாட் சிப்னு போட்டிருந்தாலும் நிஜத்துல அதுக்கு ரொம்ப கீழதான். நாள் முழுக்க ஓடற சின்ன ஃபைல் சர்வருக்கு எனக்கு இன்னைக்கும் இதுதான் பிடிக்கும்.

இப்போ போர்டு விஷயம். ஜி4560 போர்டுல பின்னாடி மேல ஏத்தணும்னா ஐ7 7700 வரைக்கும்தான், 4 கோர் 8 த்ரெட், அதோட முடிஞ்சுது. எட்டாம் தலைமுறை சிப் பாக்க அதே சாக்கெட் மாதிரியே இருக்கும், ஆனா 100, 200 சீரிஸ் போர்டுல வேலை செய்யாது. ரைசனோட சாக்கெட் ஏஎம்4 கதையே வேற. 2022ல 300 சீரிஸ் (ஏ320, பி350) போர்டுக்கும் ரைசன் 5000 சப்போர்ட் வர ஆரம்பிச்சுது, இன்னைக்கு 1200ல ஆரம்பிச்சு நாளைக்கு காசு வரும்போது 5600ஓ 5800எக்ஸ்3டியோ அதே போர்டுல போடலாம், ரேமும் அதேதான். ஒரு பட்ஜெட் ஆளுக்கு இத விட பெரிய உதவி வேற இல்ல, எனக்கு 1200 மேல இருக்கற பிரியத்துல பாதி அந்த சாக்கெட்டுக்காகத்தான். உங்க போர்டு மாடலோட சப்போர்ட் லிஸ்ட மட்டும் முதல்லயே பாத்துடுங்க, பயாஸ் (போர்டுக்குள்ள இருக்கற ஆரம்ப சாஃப்ட்வேர்) அப்டேட்ட 1200 உள்ள இருக்கும்போதே முடிச்சுடுங்க, கழட்டினதுக்கு அப்புறம் முடியாம மாட்டிக்கிட்டு நிக்கக்கூடாது.

ரேம் ஒண்ணா வாங்காம ரெண்டா வாங்குங்க. ரைசன்ல உள்ள கோர்கள் பேசிக்கற வேகமே ரேம் ஸ்பீடோட கட்டிப் போட்டது, 2133 ரேம் ஒத்தையா போட்டு ஓட்டிட்டு ரைசன் ஸ்லோன்னு சொல்றது நியாயமில்ல.

ரெண்டுமே விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வ லிஸ்ட்ல இல்ல, விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, அதனால லினக்ஸ் போட்டுக்கறதுதான் நிம்மதி. 1200ல லினக்ஸ் சும்மா இருக்கும்போது திடீர்னு உறைஞ்சு போச்சுன்னா பயாஸ்ல பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்னு இருக்கும், அத டிபிகல்னு மாத்திப் பாருங்க, நிறைய பேருக்கு அதுல சரியாகிடுது.

செகண்ட் ஹேண்ட் 1200 எடுக்கும்போது சிப்ப திருப்பி வெளிச்சத்துல சாய்ச்சு வரிசை வரிசையா பின் பாருங்க, ஏஎம்4ல பின் எல்லாம் சிப்புலதான் இருக்கு, பேஸ்ட் காஞ்சு போயிருக்கும்போது கூலர இழுத்தா சிப்பும் சேந்து புடுங்கிட்டு வந்து வளைஞ்சிருக்க வாய்ப்பு உண்டு. ஜி4560க்கு இதுக்கு நேர் எதிர், சிப் சுத்தமா இருக்கும், போர்டு சாக்கெட்டுக்குள்ளதான் பின், அங்க டார்ச் அடிச்சுப் பாக்கணும். அப்படியே 1200 மேல அச்சடிச்ச கோடோட கடைசி ரெண்டு எழுத்தையும் படிங்க. ஏஇன்னா பழையது, ஏஎஃப்னா 2020ல 12 நானோமீட்டர்ல வந்த பதிப்பு. ஒரே விலைக்கு ரெண்டும் கிடைச்சா ஏஎஃப் எடுத்துடுங்க.