சாயல்குடி ரோட்டு ஓலைப் பெட்டியும் கருப்பட்டியும்: நம்பி வாங்கலாம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடியிலிருந்து சாயல்குடி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், புருஷனும் பொண்டாட்டியுமாகக் கொட்டகை போட்டு நடத்தும் சின்னக் கடை. பெயர்ப் பலகை கிடையாது.

பெட்டியைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மூடி போட்ட பெட்டி 350 ரூபாய். பனங்குருத்தைக் காயவைத்துக் கிழித்து உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரட்டையாக முடைந்து, வாய் விளிம்பில் மட்டை நாரை வைத்து இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். பெட்டி எத்தனை வருஷம் உழைக்கும் என்பது அந்த விளிம்பில்தான் இருக்கிறது. டவுனில் விற்பதில் நாருக்குப் பதில் பிளாஸ்டிக் நாடா, கொஞ்ச நாளிலேயே ஓலை நுனி பிரிந்து குத்த ஆரம்பித்துவிடும். இதில் உள்பக்கம் விரலை ஓட்டிப் பார்த்தேன், எங்கேயும் தட்டவில்லை. குறை என்றால் சாயம்தான். ரோஸ் கலர் பட்டை ஈரக்கையில் ஒட்டுகிறது, அதனால் சாயம் போடாததாகக் கேட்டு வாங்குங்கள். அடைமழையில் பூஞ்சை பிடிக்கும், வெயிலில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும்.

கருப்பட்டியை நாம் கேட்காமலே உடைத்துக் கையில் கொடுத்து, "வாயில போட்டுப் பாருங்க தம்பி, அப்புறம் காசு பேசலாம்" என்றார் அந்த அம்மா. உடைத்த இடம் மினுங்கவில்லை, சீனி கலந்திருந்தால் பளபளவென்று காட்டிக்கொடுத்துவிடும். இனிப்போடு லேசான கரிப்பு, கொஞ்சம் புகை வாசம். கருப்பட்டி காய்ச்சுகிற பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள், அதனால் கரைத்ததும் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

விலை கூடத்தான். ஆனால் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். காலையும் மாலையும் பனைமரம் ஏறிப் பாளை சீவினால்தான் பதநீர், அதற்கு இப்போது ஆள் கிடைப்பதில்லை, இருக்கிற மரமும் செங்கல் சூளைக்கு விறகாகப் போய்க்கொண்டிருக்கிறது. நம் மாநில மரம் இது. வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள், அப்புறமும் வெட்டு நிற்கவில்லை. மரத்தால் நாலு காசு வந்தால்தான் தோட்டக்காரர் அதை விட்டு வைப்பார், நாம் குறைக்கிற ஐம்பது ரூபாய் அங்கேதான் போய் விழுகிறது.

புதுக் கருப்பட்டி வேண்டுமென்றால் சித்திரை, வைகாசியில் போங்கள். கல்யாணச் சீருக்குப் பெரிய பெட்டி வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், கையில் இருப்பு வைப்பதில்லை.